கசிந்தால் எங்கே தேடுவது?

“எல்லாம் சரி, கசிஞ்சா உங்களை எங்க வந்து தேடறது?” என்று கேட்டாள் டீச்சர்.

மூன்றாவதாக வந்திருந்த கான்ட்ராக்டர் கூரையைக் காட்டினார். “மேல ஒருத்தன் இருக்காம்மா. எல்லாம் அவன் பாத்துப்பான்.”

“அப்ப வேலையையும் அவரையே வந்து செய்யச் சொல்லுங்க” என்று வாசல் கதவைத் திறந்துவிட்டாள் டீச்சர்.

வலது கையில் மாவுக்கட்டோடு சோபாவில் சாய்ந்திருந்த கணவர் சிரித்தார். “ஒரே கேள்வியில மூணு பேரையும் ஃபெயில் ஆக்கிட்ட. இது பாத்ரூமா, பரீட்சை ஹாலா?”

“கேள்வியே கேக்காம நீங்க பாஸ் போட்டீங்களே, அந்த ஆள் எங்கங்க இப்ப?”

கணவர் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் நண்பர் மூலம் பிடித்துவந்த ஆள்தான் பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டது. தரைக்கு வாட்டம் வைக்காமல் போட்டதில், விட்ட தண்ணீர் வடிகால் ஓட்டைப் பக்கம் போகாமல் மூலையில் குட்டையாகத் தேங்கியது. அந்த ஆளின் போன் நம்பரில் கூப்பிட்டால் யாரோ ஒரு தையல்காரர் எடுத்து, “பிளவுஸா, சுடிதாரா?” என்று கேட்டார். போன மாதம் அதே குட்டையில் வழுக்கி விழுந்து கணவர் கையை உடைத்துக்கொண்டார். வீட்டில் இருப்பதோ ஒரே பாத்ரூம். இந்தத் தடவை ஆள் பிடிக்கிற பொறுப்பை டீச்சர் வாங்கிக்கொண்டாள். இதிலும் சொதப்பினால் அவர் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்.

“முதல்ல வந்தவர் பரவாயில்ல. கீழ் வீட்டுக்குத் தண்ணி இறங்குதான்னாவது கேட்டார்” என்றார் கணவர்.

“வருஷக்கணக்கா பூட்டிக் கிடக்கிற வீடு. பூட்டுகிட்டயா கேக்க முடியும்?”

வாட்ச்மேன் கொடுத்த நம்பரில் பேசி வரச்சொன்ன நான்காவது ஆள், நாலு மணி என்றால் நாலு மணிக்கு டாண் என்று வந்து நின்றார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் வந்தவர் நனைந்த கோழியாக நின்ற இடத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. இவர் சட்டையிலோ ஒரு சொட்டு இல்லை. கையில் குடையும் இல்லை.

“இந்த மழையில குடை இல்லாமலா வந்தீங்க?” என்றார் கணவர்.

“குடை வீட்டுல வேற வேலையா இருக்கு சார்.”

கணவர் டீச்சரின் காதருகே குனிந்தார். “மழையே இவரை நனைக்கல. தண்ணியைத் தடுக்கத் தெரிஞ்ச ஆளுதான்.”

பாத்ரூமில் முன்னால் வந்த மூவரும் தட்டிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள், ஒருவர் சுவரில் காதை வைத்துக்கூடக் கேட்டார். இவர் எதுவும் செய்யவில்லை. நேராக மூலைக்குப் போய்க் குந்தினார்.

“இங்கதான். குழாயில பழுதில்ல, தரையிலதான். தேங்கற தண்ணி நேரா கீழ இறங்காது. சுவரோரமா ஓடி, அடுத்த ரூமுக்குப் போய்த்தான் சொட்டும்.”

“பாத்தவுடனே எப்படிங்க சொல்றீங்க?”

“இன்னும் சொல்றேன். காலையில ரெண்டு குளியல். முதல்ல குளிக்கறவங்க சட்டுனு முடிச்சிடுவாங்க. ரெண்டாவது ஆள் தண்ணியைத் திறந்துவிட்டுட்டு ரொம்ப நிதானமா நிப்பார்.”

கணவர் மாவுக்கட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். நாடி பிடித்தே நோயைச் சொல்லும் வைத்தியரைப் பார்ப்பதுபோல டீச்சர் வந்தவரைப் பார்த்தாள். ஆனாலும் கேள்வி கேள்விதான்.

“கசிஞ்சா உங்களை எங்க வந்து தேடறது?”

“தேடவே வேணாம் டீச்சர். கசிஞ்சா உங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடும். நானே வந்து கதவைத் தட்டுவேன்.”

காதில் பூச்சுற்றுகிறான் என்று கணவர் கண்ணாலேயே சொன்னார். டீச்சர் அதைக் கண்டுகொள்ளவில்லை. பொய் சொல்லும் முகங்களை இருபது வருஷமாக வகுப்பறையில் பார்த்தவள் அவள். இந்த முகத்தில் பொய் இல்லை. பல நாள் தூங்காத களைப்புதான் இருந்தது.

“வேலை முடிஞ்சதும் ஓட்டையை அடைச்சு, தரை முழுக்கத் தண்ணி தேக்கி, ஒரு நாள் வெச்சுப் பாப்பேன்” என்றாள்.

“ஒரு நாள் போதாது, மூணு நாள் வைங்க. பத்து வருஷத்துக்கு என் பொறுப்புன்னும் எழுதிக்குங்க” என்றார் அவர்.

“எப்ப ஆரம்பிப்பீங்க?”

“நாளைக்குக் காலையில. இன்னிக்கே உடைக்கச் சொன்னாலும் சரி.”

“இவ்வளவு அவசரப்படற கான்ட்ராக்டரை நான் பாத்ததே இல்ல. யோசிச்சுக்கோ” என்று முணுமுணுத்தார் கணவர்.

“யோசிச்சாச்சு” என்றாள் டீச்சர். நிபந்தனைகளை வரிசையாக எழுதி நீட்டினாள். வந்தவர் ஒரு வரியையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டு, கீழே விலாசமும் எழுதிக் கொடுத்தார்.

படித்த டீச்சரின் புருவம் நெரிந்தது. “உங்க விலாசத்தை எழுதச் சொன்னா எங்க விலாசத்தை எழுதியிருக்கீங்களே!”

கணவரின் முகத்தில் வெற்றிப் புன்னகை எட்டிப் பார்த்தது.

“கதவு நம்பரைப் பாருங்க டீச்சர். உங்களுது பன்னெண்டு. நான் எழுதினது எட்டு.”

“எட்டா? அந்தப் பூட்டின வீடா?”

“போன வாரம்தான் குடிவந்தேன். கீழ் வீட்டுக்காரன்னு சொல்லிக்கிட்டு வந்தா சண்டைக்கு வந்திருக்கேன்னு நெனைப்பீங்க. அதான் வாட்ச்மேன்கிட்ட என் நம்பரைக் குடுத்து, வேலைக்குன்னு வந்தேன்” என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார் அவர். “சீக்கிரம் முடிச்சுட்டேன்னா, கட்டிலுக்கு மேல விரிச்சு வெச்சிருக்கிற குடையை மடக்கிடலாம்.”