ஊர் சுற்றிக் காட்டியவன்

"தம்பி, கொழும்புக் கப்பல் எப்பப் பொறப்படும்?"

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் கூமாப்பட்டியிலிருந்து வண்டி கட்டிச் சாத்தூர் வந்து, ரயிலேறித் தூத்துக்குடியில் இறங்கிய தவசிமுத்து, எதிரே நின்ற இளைஞனிடம் கேட்டார்.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு. யாரைத் தேடுதீய?"

"எம்மவ ஆவுடையை. வேத்துச் சாதிக்காரன்கூட ஓடி வந்துட்டா. கப்பல் ஏறுறதுக்குள்ள புடிச்சாகணும்."

"அதுவரைக்கும் வெயில்ல ஏன் நிக்கணும்? எம் பேரு பொன்னுராஜ். வாங்க, ஊரைச் சுத்திக் காட்டுதேன்."

பனிமய மாதா கோயில், ஒல்லாந்தர் கல்லறை, முத்து ஏலம் போடும் கொட்டகை என்று பொன்னுராஜ் நிறுத்தி நிறுத்திக் கதை சொன்னான். தவசிமுத்து எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நேரமாச்சாலே?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே நடந்தார்.

மூன்று மணிக்குக் கடற்கரைக்கு வந்தார்கள். தூரத்தில் ஒரு கப்பல் புகைவிட்டபடி போய்க்கொண்டிருந்தது. அது மறையும்வரை பொன்னுராஜ் காத்திருந்தான். பிறகு நாலடி தள்ளி நின்றுகொண்டு சொன்னான்.

"பெரியவரே, அதுதான் கொழும்புக் கப்பல். ஒங்க மக அதுலதான் போறா. அவ புருசன் என் சேக்காளி. ஒங்க அடையாளத்தைச் சொல்லி, நீங்க வெட்டிப்போட வருவீங்கன்னு ஆவுடை அழுதா. அதான் பொய் சொன்னேன்."

தவசிமுத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். மடியை அவிழ்த்து, மஞ்சள் கயிற்றில் கோத்த தாலியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"வீட்டுல பந்தல் போட்டாச்சுலே," என்றார். "பொண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன்."