கப்பல் சங்கு

கேன்டீனில் லாமார் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தான்.

"பழைய டிஸ்க் எல்லாம் புதுப் பெட்டியில ஓடுமாம். பாதியைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுப் போகலாமாம். பெட்டியை நஷ்டத்துக்கு வித்துட்டு, மாசச் சந்தாவுல பிடிச்சுக்கப் போறாங்களாம். கேட்டுக்கங்கப்பா, நாம செய்யற பெட்டியைப் பத்தி நமக்கே சேதி சொல்றான்!"

மேசையே சிரித்தது.

அடுத்த வருஷம் கடைக்கு வரப்போகும் வீடியோ கேம் பெட்டி அது. அதைப் பற்றி வாரம் ஒரு வதந்தி வரும். பாதி பொய். மீதி யாரோ ஊகித்தது. கார்வினும் சிரித்தான்.

"இதைக் கேளுங்க. ஆன் பண்ணினதும் கப்பல் சங்கு ஊதுமாம். ஒண்ணு நீளமா, ரெண்டு சின்னதா."

கார்வினின் முள்கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"சங்கா? எவன்டா இதைக் கிளப்பிவிட்டது?" என்றாள் ப்ரியானா. ஒலிப் பிரிவில் அவனுக்கு அடுத்த நாற்காலிக்காரி. "சத்தம் போடறதே நாங்கதான். எங்களுக்குத் தெரியாம எங்கேர்ந்து ஊதும்? கார்வின், உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

குரல் தன்னுடையதுபோலவே இல்லை.

கோடையில் மேலாளர் அவனைத் தனியாக அழைத்து அந்தச் சங்கொலியைப் போட்டுக் காட்டினார். இப்போதைக்கு நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும் என்றார். தன்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று அன்று முழுக்க அவன் மிதந்தான்.

நம்பிக்கை இல்லை. பொறி.

ஆளுக்கொரு பொய்யைக் காதில் போட்டு வைத்திருக்கிறார்கள். எந்தப் பொய் வெளியே வருகிறதோ, அந்த ஆள் அகப்படுவான். அவனுக்குக் கொடுத்த பொய், சங்கு.

போன வருஷம் இதே பிரிவில் ஒருவன் பெட்டியின் படத்தை வெளியே விட்டான். மதியத்துக்குள் அவன் மேசை துடைத்து வைத்தாற்போல் ஆனது. கம்பெனி போட்ட வழக்கில் அவன் வீடு போயிற்று. ஐடஹோவில் மாமனார் வீட்டில் இருக்கிறான் என்று கேள்வி. இங்கே யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை.

மனைவி ஓடெட்டுக்கு இது ஏழாம் மாதம். பிரசவத்துக்கான காப்பீடு இந்த வேலையோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

யாரிடம் சொன்னேன்?

ஓடெட்டிடம்கூட மூச்சு விடவில்லை. பியர் குடிக்கப் போகும் கூட்டத்திலும் இல்லை. தூக்கத்தில் உளறினேனா?

தோளில் ஒரு கை விழுந்தது. காவலாளி.

"மார்செல்லா மேடம் கூப்பிடறாங்க. பையையும் எடுத்துக்கங்க."

லாமார் போனைக் கீழே வைத்தான். ப்ரியானா தன் தட்டைப் பார்த்தாள். கார்வின் எழுந்தபோது மேசையில் ஒருவரும் நிமிரவில்லை.

தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. கண்ணாடிக்கு வெளியே மழை.

மார்செல்லா பாதுகாப்புப் பிரிவின் தலைவி. சுற்றி வளைக்கவில்லை.

"யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல மேடம். சத்தியமா. என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினான்.

மார்செல்லா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். "வதந்தி எங்க ஆரம்பிச்சதுன்னு பிடிச்சுட்டோம். ஒரு பொண்ணு எழுதியிருக்கா. எவரெட்ங்கற ஊர்ல ஒரு முதியோர் இல்லத்துக்குப் பாட்டியைப் பார்க்கப் போனவ. படிக்கறேன், கேளுங்க."

அவள் எந்த உணர்ச்சியும் இல்லாமல் படித்தாள்.

"'நேத்து சாயங்காலம் நான் போன்ல விளையாடறதைப் பக்கத்து நாற்காலிப் பெரியவர் ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருந்தார். திடீர்னு, என் பையன் கேம் பெட்டி செய்யற இடத்துல வேலை பார்க்கறான்னார். புதுப் பெட்டியில கப்பல் சங்கு வைக்கறாங்களாம்னார். வாயாலயே ஊதியும் காட்டினார்.'"

லேப்டாப்பை மூடினாள். "அந்த இல்லத்துல உங்க அப்பா இருக்கார். விசாரிச்சாச்சு."

கார்வின் மேசையின் மேல் குனிந்தான்.

"அவரே சொன்னாராமா? வாயால?"

"பின்ன எதால சொல்லுவாங்க?"

அவன் அப்பா வாழ்நாளெல்லாம் ஃபெர்ரிக் கப்பலின் எஞ்சின் அறையில் இருந்தவர். போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து விழுந்தார். அதற்கப்புறம் ஒரு சொல் இல்லை. எதிரில் இருப்பது மகன் என்று தெரிகிறதா என்பதும் தெரியவில்லை. இனிப் பேச்சு வராது என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கார்வின் போவான். பதில் வராத மனிதரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், வாயில் வந்த ஆபீஸ் கதையை எல்லாம் கொட்டிவிட்டு, போர்வையைச் சரிசெய்துவிட்டு வருவான். சுவரோடு பேசுவதுபோல. அதை ஒருவரிடம் சொன்னதாக அவன் நினைத்ததே இல்லை.

"கார்வின், உங்களை இப்பவே வேலையிலேர்ந்து எடுத்தாச்சு. வக்கீல் உங்களைக் கூப்பிடுவார். அடையாள அட்டையைக் கழட்டிக் கொடுங்க. நான் சொல்றது புரியுதா?"

அவன் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"மேடம், அந்த வரியை இன்னொரு தடவை படிங்க," என்றான். "'என் பையன்'னு சொன்னாரே, அதை மட்டும்."