வலிக்கு ஒத்திகை

“முனகல் பத்தாது. இன்னும் கொஞ்சம்.”

அவள் இன்னும் கொஞ்சம் முனகினாள்.

“அய்யே, சாமி கும்பிடுற மாதிரி இருக்குடி.”

பவளக்கொடிக்கு எரிச்சலாக வந்தது. அந்தப் பெண்கள் சிறையில் நோய் சொல்லிக்கொடுக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. சீட்டுக் கம்பெனி நடத்தி ஒரு ஊரையே நம்பவைத்துவிட்டு உள்ளே வந்தவள். நெஞ்சுவலி, வலிப்பு, மயக்கம், எதுவானாலும் ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொடுத்துவிடுவாள். அவளிடம் கற்றவர்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியில் கடைத்தெருவைப் பார்த்தார்கள். புருஷன் வாங்கிவந்த பரோட்டாவைத் தின்றுவிட்டு, குணமாகித் திரும்பினார்கள்.

இவள்தான் மக்கு.

இத்தனைக்கும் இவளுக்கு வலி நிஜம்.

வயிற்றின் வலப்பக்கம், கீழே. சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது. நிமிர்ந்து நடக்க முடியவில்லை. பக்கத்துப் பாயில் படுக்கும் பவளக்கொடிக்குத் தெரியும். தூக்கத்தில் யாரும் நடிக்க மாட்டார்கள்.

ஆனால் சிறை டாக்டரம்மா முன்னால் போய் நின்றால் இவளுக்கு மரியாதை வந்துவிடும். சிரித்துவிடுவாள்.

“இப்பத் தேவலைங்க மேடம்.”

போன தடவையும் தேவலை. அதற்கு முந்தைய தடவையும் தேவலை. ஒவ்வொரு தேவலைக்கும் ஒரு மஞ்சள் மாத்திரை.

டாக்டரம்மா எழுதிக்கொடுத்தால்தான் வெளி ஆஸ்பத்திரி. காவலுக்குப் போலீஸ் வர வேண்டும், வண்டி வர வேண்டும். பரோட்டா கோஷ்டியைப் பார்த்துப் பார்த்து அவருக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை.

“நாளைக்கு தேவலைன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, நாக்கை அறுத்துருவேன். உள்ளே போனதும் இடப்பக்கமா விழு. வயித்தைப் பிடி. நான் செத்துட்டா என் ரெண்டு பிள்ளைங்களுக்கு யாரு இருக்கான்னு கேளு. இப்பப் பாரு.”

பவளக்கொடி விழுந்து காட்டினாள்.

அவள் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவர ஓடினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டே.

காலையில் நன்றாகத்தான் விழுந்தாள். இடப்பக்கமாக. பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள்.

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழவில்லை.

“உனக்குக் கல்யாணமே ஆகலையே. பிள்ளைங்க எங்கேருந்து வந்துச்சு?”

வார்டர் எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“போன வாரம் ஒரு கிழவி இதே இடத்துல, இதே பக்கமா விழுந்தா. அவளும் ரெண்டு பிள்ளைங்களைத்தான் விட்டுட்டுச் சாகப்போனா. பவளக்கொடிகிட்டப் படிச்சியா?”

டாக்டரம்மாவின் கை மாத்திரை டப்பாவுக்குப் போனது.

தரையில் கிடந்தவள் எழப் பார்த்தாள். முடியவில்லை. ஆனாலும் சிரித்தாள்.

“தேவலைங்க மேடம்.”

கதவருகே நின்ற பவளக்கொடிக்குத் திக்கென்றது. அந்த முகத்தில் ரத்தமே இல்லை. இதை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை.

“மேடம், சத்தியமா இவளுக்கு நெஜ வலி மேடம்!”

டாக்டரம்மாவும் எஸ்தரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பவளக்கொடி சத்தியம் செய்கிறாள்!

பவளக்கொடிக்குப் பயமாக இருந்தது. எப்போதோ ஒருமுறை உண்மையைச் சொன்னால், அதை வாங்க ஆளில்லை. இந்தப் பெண் இங்கேயே செத்துவிடுவாள்.

சரி, தெரிந்த தொழிலையே செய்வோம் என்று முடிவுகட்டினாள்.

கையைக் கட்டிக்கொண்டாள். தலையைக் குனிந்தாள்.

“மன்னிச்சிருங்க மேடம். இவளுக்கு ஒண்ணுமே இல்லை. எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான். மாத்திரைகூட வேண்டாம். கூட்டிட்டுப் போயிடுறேன்.”

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது.

பவளக்கொடி இதுவரை ஒருத்தியையும் காட்டிக்கொடுத்தவள் இல்லை. அவள் வாயிலிருந்து உண்மை வந்து அவர் கேட்டதே இல்லை. அப்படிப்பட்டவள் ஒன்றுமே இல்லை என்று சொல்கிறாள் என்றால்?

எழுந்து வந்தார்.

தரையில் மண்டியிட்டார். வலப்பக்கம், கீழே, விரல்களை மெல்ல அழுத்தினார். சட்டென்று எடுத்தார்.

அவள் கத்தவில்லை. முனகவில்லை. திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

“ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க! காவலுக்கு ஆள் பின்னாடி வரட்டும்!”

டாக்டரம்மா போட்ட சத்தம் சமையல்கட்டு வரை கேட்டது.

வண்டி போனபின் சிறையே பவளக்கொடியைக் கொண்டாடியது. டாக்டரம்மாவைத் தரையில் உட்காரவைத்துவிட்டாளே! என்ன பாடம், என்ன பயிற்சி! பவளக்கொடி மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் எஸ்தர் வந்தாள்.

“குடல்வாலாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வெடிச்சிருக்குமாம். ஆபரேஷன் முடிஞ்சுது. பிழைச்சுக்கிட்டா.”

பவளக்கொடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு கோணியது. மூக்கு ஒழுகியது. முந்தானையை வாயில் திணித்தும் விம்மல் அடங்கவில்லை. ஒரு ஊரையே கலங்காமல் ஏமாற்றியவள், தேம்பித் தேம்பி அழுதாள்.

பெண்கள் சுற்றி நின்று வாய் பிளந்து பார்த்தார்கள். மறுநாள் டாக்டரம்மாவிடம் போக இருந்த ஒருத்தி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, அந்த மூக்கு ஒழுகுறதை மட்டும் இன்னொரு தடவை மெதுவா செஞ்சு காட்டு.”