இன்னொரு டாக்டர்

பள்ளி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த மோக்ஷிதா, கைகால் வெட்டி இழுக்க மறுபடியும் விழுந்துவிட்டாள். மயக்கம் தெளிந்த மகளை நகரி வீட்டில் படுக்க வைத்துவிட்டு நளினி கணவனிடம் வந்தாள்.

"இனிமே என்னால தாங்க முடியாதுங்க. திருப்பதியில வேற டாக்டர் கிட்ட காட்டலாம்."

"மாத்திரைய இன்னும் கொஞ்சம் கூட்டினா சரியாப்பூடும்," என்றான் சாய்குமார்.

"கூட்டிக் கூட்டித்தான் கொழந்த எந்நேரமும் தூங்கிக்கினே கீது. வலிப்பு நிக்கலியே!"

"அப்போ இந்த டாக்டர் மேல உனக்கு நம்பிக்க இல்ல?"

"இருந்திச்சி. டாக்டர் மனசு நோவுமேன்னு இத்தினி நாளு வாய மூடிக்கினு இருந்தேன். எனக்கு எம் பொண்ணு வேணுங்க!" அவன் காலடியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

சாய்குமார் அவளைக் கைபிடித்து எழுப்பினான். பிறகு, "கெளம்பு," என்றான்.

திருப்பதியில் அந்த வயதான டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "ஓடும்போதுதான் விழுறாளா?" என்றவர், உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிப் பார்த்தார்.

"இது வலிப்பு நோயே இல்லம்மா. இதயத் துடிப்பு தாறுமாறா ஆகி, மூளைக்கு ரத்தம் போகாம விழுறா. நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. வைத்தியம் இருக்கு."

நளினி மகளைக் கட்டிக்கொண்டாள்.

"ஒரு ஈ.சி.ஜி. கூட எடுக்காம வலிப்பு மாத்திரை கொடுத்தது எந்த டாக்டர்?" அவர் குரல் உயர்ந்தது.

நளினி பதறிப்போய்க் கணவனைப் பார்த்தாள்.

"நான்தான் சார்," என்றான் சாய்குமார். "நகரியில கிளினிக் வச்சிருக்கேன். பெத்த பொண்ணாச்சே, வேற யார் கையிலயும் குடுக்க மனசு வரல."