அமிர்தி கேட்டில் ஒரு கழுதை

கற்பூரம் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அமிர்திக் காட்டு கேட்டில் வெயில் இறங்குகிறது. ரோடு இல்லாத மலையூருக்குப் போக, புருஷன் பிணத்தைப் பாயில் சுற்றிக் கழுதைமேல் கட்டிக்கொண்டு நிற்கிறாள் பூங்காவனம். ஈக்கள் மொய்க்கின்றன. வனக்காவலர் பார்த்திபன் பிரம்பால் விதிப்பலகையைத் தட்டுகிறார். "சுமை மிருகம் உள்ள போகக் கூடாதும்மா. ராத்திரி இங்க தங்கவும் கூடாது, நெருப்பும் மூட்டக் கூடாது." "அப்போ இவர இன்னா பண்றது சார்? எழுப்பி நடக்கச் சொல்லட்டா?" கழுதை கழுத்தை நீட்டிப் பலகையை வரிவரியாகப் படிக்கிறது, கடைசி வரியில் பெருமூச்சு விட்டு, வந்த வழியே திரும்புகிறது. "பாரு, அதுக்குப் புரியுது" என்கிறார் பார்த்திபன். கயிற்றைப் பிடித்தபடி அவளும் போகிறாள். பாய்க்கு வெளியே இரண்டு பாதங்கள் ஆடுகின்றன. அந்தப் பலகையில் துருவைத் தவிர ஓர் எழுத்தும் இல்லை.