ரிட்டர்னுக்கு இடமில்லை

“‘ஷட்டரைத் தூக்கி இத்தனை நேரமாச்சு, இந்த ஜாவா புரோகிராம் இன்னும் கொட்டாவி விட்டுட்டிருக்கு!’ இது முதலாளியம்மா சொன்னது, நான் சொல்லலை,” என்றார் கம்பைலர். புடவைக்கடை பில்லிங் புரோகிராமை முன்கூட்டியே மெஷின் பாஷைக்கு மாற்றி, சட்டென்று எழவைக்க வந்தவர். “வேண்டாத சுமையெல்லாம் இறங்கு. ஏம்மா, உன்னை யாரும் கூப்பிடுறதா எங்கேயும் காணோமே?”

ரிட்டர்னுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விற்ற புடவையைத் திருப்பி வாங்குவது புரோகிராமில் அவள் வேலை. “புடவை கிழிஞ்சாதானே ஐயா என்னைத் தேடுவாங்க? அதை முன்கூட்டியே சொல்லியா வைப்பாங்க?”

பக்கத்தில் நின்ற பில் சிரித்தான். “ஓடி ஓடி உழைக்கிறது நானு. இவ உட்கார்ந்து இடத்தை அடைக்கிறா.”

“தள்ளிவிடத் தெரிஞ்ச உனக்குத் திருப்பி வாங்கத் தெரியுமாடா, தடியா?”

யார் கேட்டார்கள்? அவளை இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் ஷட்டரைத் தூக்கியதுமே புரோகிராம் துள்ளி எழுந்தது. முதலாளியம்மாவுக்கு வாயெல்லாம் பல். முதல் ஆளாக வந்தவள் பையைக் கவுண்டரில் கவிழ்த்தாள். கல்யாணப் புடவை, முந்தானையில் முழ நீளக் கிழிசல். முதலாளியம்மா ரிட்டர்ன் பட்டனைத் தட்டினாள், மறுபடி தட்டினாள். வந்தவளின் குரல் தெருவுக்கே கேட்டது. திருதிருவென்று விழித்த பில் கூவினான்:

“ரிட்டர்ன்! அம்மா தாயே, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போயேன்!”