ஜெனரல் என்ன கேட்டார்?

ஹோம்புஷ் முதியோர் இல்லத்துக்கு அந்த ஜெனரல் வந்த நாளிலிருந்து அவரைப் பார்த்துக்கொள்வது சுஜீவாதான். ஜேர்மனியில் படை நடத்தியவர், பிறகு அரசியலில் இறங்கி மந்திரியானவர், முதுமையில் மகளோடு இந்த நாட்டுக்கு வந்தவர். மறதி நோய் அவருடைய இங்கிலீசைத் தின்றுவிட்டது. வாயில் மிஞ்சியது ஜேர்மன் மட்டும்தான்.

அந்தக் குளிர்கால ஜூலைக் காலையில் அவர் சுஜீவாவின் கையைப் பிடித்து ஏதோ கெஞ்சினார்.

"பாவம் அக்கா, என்னதான் கேக்கிறார்?" என்றாள் கூட வேலை செய்யும் ராகவி.

"ஆருக்குத் தெரியும்? காத்து வேணுமாக்கும்." சுஜீவா ஜன்னலை அகலத் திறந்தாள்.

அவர் இன்னும் உரக்கக் கெஞ்சினார்.

"தாகமாக்கும்." ஐஸ் தண்ணீரை நீட்டினாள். கிழவர் அழுதேவிட்டார்.

"மொழி தெரிஞ்ச ஒரு ஆள் இருந்தா எவ்வளவு நல்லம்," என்றபடி ராகவி அடுத்த அறைக்குப் போனாள்.

கதவு சாத்தியதும் சுஜீவா அவர் மேல் கிடந்த மெல்லிய போர்வையையும் உருவி அலுமாரியில் வைத்தாள். காதருகே குனிந்து, பிசிறில்லாத ஜேர்மனில் சொன்னாள்:

"குளிருதோ, மந்திரி ஐயா? அகதியா வந்த எங்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம் எண்டு உங்கட கந்தோருக்கு வந்து நானும் இதே மொழியிலதான் கெஞ்சினனான். அண்டைக்கு உங்களுக்கும் விளங்கேல்லை."